நாற்பத்தொரு வயதுக்கான முகம்

"இன்னுங் கொஞ்சம் தொங்கட்டும் சார்" என்று சொல்லிக் கைக்கண்ணாடியை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தாள் பாண்டிச்செல்வி.

டாக்டர் ராபின் அவளுடைய காதுகளுக்கு முன்னால் தோலைப் பிடித்து மேலே இழுத்து ஊதா மையால் கோடு போட்டிருந்தார். மறுநாள் காலை அந்தக் கோட்டில்தான் கத்தி வைப்பார்.

"தோல் மறுபடி தளரும்மா. கூட்டி இழுத்தாத்தான் பின்னால நிக்கும்."

"தளரட்டும் சார். என் வயசுக்காரிக எல்லாருக்கும் தளரத்தான செய்யுது? மொகம் வழவழன்னு இருந்தா அதையுந்தான் உத்துப் பாப்பாக." துணைக்கு வந்திருந்த அக்காவை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இவ எனக்கு ரெண்டு வயசு மூப்பு. இவ மொகத்தப் பாத்துச் செய்யுங்க."

"ஏண்டி, எம் மொகம் என்ன சாம்பிள் துணியா?" என்றாள் சரஸ்வதி.

டாக்டர் சிரித்துவிட்டார். ஒரு கோட்டைப் பஞ்சால் அழித்து, காதுக்கு நெருக்கமாக வேறொன்று போட்டார்.

பாண்டிச்செல்வி சின்னாளப்பட்டிக்காரி. துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய புள்ளிச் சேலைகளை, சுங்குடிகளை, மூட்டையாகக் கட்டி, பஸ் ஏறி, திண்டுக்கல் தெருக்களில் விற்பவள். சேலையைத் தரையில் விரிக்க மாட்டாள். முந்தானையைத் தன் தோளில் போட்டு நின்று காட்டுவாள். வாங்குகிறவர்கள் அவளிடத்தில் தங்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

முப்பத்தைந்து வயதில் தொழுநோய் வந்தது. மாத்திரைகளை விடாமல் விழுங்கினாள். நோய் போய்விட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்றார்கள். ஆனால் தடித்திருந்த முகம் வற்றியபோது தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. புருவம் உதிர்ந்திருந்தது. முந்தானையைத் தோளில் போட்டால் யாரும் சேலையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கதவைச் சாத்தினார்கள்.

"வேற ஊருக்குப் போயி வித்துக்கயேன். அங்க யாருக்குத் தெரியப்போகுது?" என்று சரஸ்வதி ஒருமுறை கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச தெரு இதுதான். இங்கதான் விப்பேன்."

முந்தைய வருடமே காதுக்குப் பின்னாலிருந்து முடியோடு தோலை எடுத்துப் புருவத்தில் தைத்திருந்தார்கள். அது தலைமுடி. இடம் மாறியது அதற்குத் தெரியவில்லை, வளர்ந்துகொண்டே இருந்தது. சிறிய கத்தரியால் அவளே வெட்டிக்கொள்வாள். அதையும் ஓரம் சீராக வெட்ட மாட்டாள்.

இந்த முறை ஆப்பரேஷனுக்குப் பின் முகம் பூசணிக்காயாக வீங்கியது. வடிந்தபின் பார்த்தால் தழும்பு காதோர மடிப்பில் மறைந்திருந்தது. சிரித்தால் கன்னத்தில் கோடு விழுந்தது. கண்ணோரம் சுருங்கியது. அவள் இளமையாகத் தெரியவில்லை. நாற்பத்தொரு வயதுப் பெண்ணாகத் தெரிந்தாள். அவள் கேட்டதும் அதைத்தான்.

பொங்கலுக்கு முன் மூட்டையோடு திண்டுக்கல் பேகம்பூருக்குப் போனாள். முதலில் கதவைச் சாத்திய வீடு நர்கீஸுடையது. அந்த வீட்டிலேயே தொடங்கினாள்.

"யாரு, சேலைக்காரக்காவா!" என்றாள் நர்கீஸ். கை கதவிலேயே இருந்தது.

"நாந்தான். அந்த நோவு மருந்துல போயிருச்சு. தொங்குன தோல ஆப்ரேசன்ல எடுத்துட்டாக. யாருக்கும் ஒட்டாது. சேலை பாக்குறதுன்னா உள்ள வாரேன். இல்லையா, அடுத்த வீட்டுக்குப் போறேன்."

யாரும் அவளிடம் கேட்காததை அவளே வாசலில் நின்று சொன்னாள்.

 நர்கீஸ் கதவை அகலத் திறந்தாள். பாண்டிச்செல்வி அரக்கு நிறச் சேலையை எடுத்துத் தோளில் போட்டாள். நர்கீஸின் பார்வை அவள் முகத்துக்கு வந்தது. அங்கே தங்கவில்லை. தோளுக்கு இறங்கி முந்தானையில் நின்றது.

"என்னக்கா, புள்ளி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கு?"

"கையால முடிஞ்சது அப்பிடித்தான் இருக்கும்."

"சாயம் போகாதே?"

"போனா என்னையக் கேளுங்க."

"உங்கள எங்கிட்டுப் போயித் தேடுறது? வருசக் கணக்கா ஆளையே காணோம்."

"கதவு தொறந்திருந்தா நாம்பாட்டுக்கு வந்திருப்பேன்."

நர்கீஸ் தலையைக் குனிந்துகொண்டு மூட்டையைத் துழாவினாள். "இதுல பச்சை இல்லையா?" என்றாள்.

மறுநாள் பாண்டிச்செல்வி நாகல் நகருக்குப் போனாள். முதல் வீடு பூட்டியிருந்தது. அடுத்த வீட்டில் சேலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, விலை அதிகம் என்று சொல்லி வேண்டாமென்றார்கள். இன்னொரு வீட்டில் மாம்பழ நிறத்தில் ஒன்று எடுத்தார்கள். மார்கழியானாலும் மத்தியானம் வெயில் கடுமையாக இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தாள்.