தொழுநோய் ஸ்டாம்பு விற்ற வருஷம்

போன வாரம் ரிஜிஸ்டர் தபால் ஒன்று அனுப்பப் போனேன். தபால் ஆபீஸ் ஜன்னலோரம் இருந்த பசை டப்பாவில் விரலை விட்டு உறையை ஒட்டும்போது அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியது. நின்ற இடத்திலேயே எனக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது. காரைக்குடி, எட்டாம் வகுப்பு, அறுபதுகளின் கடைசி.

அந்த வருஷம் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தொழுநோய் நிவாரணத்துக்காக ஸ்டாம்பு விற்றோம். பார்க்கத் தபால்தலை மாதிரியே இருக்கும். ஆனால் அதை ஒட்டினால் கடிதம் போய்ச் சேராது. ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருக்கிற படம் போட்டிருக்கும். அதிகம் விற்கிற வகுப்புக்குக் கோப்பை உண்டு என்று தலைமையாசிரியை பிரேயரில் சொன்னதும், நோயைப் பற்றி எங்களுக்கு இருந்த பயமெல்லாம் கோப்பை ஆசையில் மறைந்துபோனது. நான் வகுப்புத் தலைவி வேறு. போதாக்குறைக்குக் கட்டுரைப் போட்டியில் ‘தொழுநோயாளரும் நம்மவரே’ என்று மூன்று பக்கம் எழுதி, ஒரு சோப்புப் பெட்டி பரிசு வாங்கியிருந்தேன். யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அதில் ஒன்பது இடத்திலாவது எழுதியிருப்பேன். பிரேயரில் அதை வாசித்தபோது எனக்கே புல்லரித்தது.

விற்பதற்கு இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். என் ஜோடி காமாட்சி. மூன்று வருஷமாக ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள், வாடி போடி என்றே பேசுகிறவள். கதவும் நிலையும் செய்கிற ஆசாரியின் மகள். எனக்கு எழுத வருமே தவிர, முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறக்க வராது. அவளுக்கு வாய்தான் மூலதனம்.

முத்துப்பட்டணத்தில் ஒரு பெரிய வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டோம். உள்ளிருந்து ஓர் ஆச்சி வந்தார்.

“என்னத்தா அது, லாட்டரிச் சீட்டா?”

“இல்லீக ஆச்சி. குஷ்டரோகம் வந்தவுகளுக்கு உதவி. நாங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து வாரோம்” என்றாள் காமாட்சி.

நீட்டிய கையை ஆச்சி இழுத்துக்கொண்டார். “இந்தப் பசையில ஒண்ணும் ஒட்டியிருக்காதுல்ல?”

“காலையிலேர்ந்து நான் கையிலதான வச்சிருக்கேன்? எனக்கு என்ன ஆச்சு, பாருங்க!”

ஆச்சி சிரித்துவிட்டார். இரண்டு முழுத் தாள் வாங்கினார். ஆனாலும் கையில் வாங்கவில்லை. “அங்குட்டு அந்த மேசையில வச்சுரு” என்றார். பிறகு எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். ஆவி பறக்கும் காப்பி. காமாட்சி பேச்சு மும்முரத்தில் டம்ளரைச் சாய்த்துவிட்டாள். முழங்கைக்குக் கீழே கொட்டி வழிந்தது. அவளோ பள்ளி ஆண்டு விழாவைப் பற்றி ஆச்சியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“ஏய், சூடு தெரியலையாடி?” என்றேன்.

“எதுடி?” என்று குனிந்து பார்த்து, பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

கொட்டிய இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுத்த தேமல் இருந்தது. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தேமல் யாருக்குத்தான் இல்லை? இவளுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று வியந்ததோடு சரி.

அடுத்த வாரம் தொழுநோய் இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்தார். காக்கி உடுப்பு, மெலிந்த உடம்பு, அதிராத குரல். எங்கள் வகுப்பில் படம் மாட்டி விளக்கினார். இது சாபமில்லை, கிருமியால் வருவது, மாத்திரை இருக்கிறது, சீக்கிரம் கண்டுபிடித்தால் விரல் மடங்காது என்றார். வெளுத்த தேமலில் தொட்டாலும் தெரியாது, சூடுபட்டாலும் தெரியாது என்றும் சொன்னார்.

கேள்விக்கு விடை தெரிந்த குஷியில் என் கை தானாக உயர்ந்தது.

“சார், காமாட்சிக்கு அப்பிடித்தான் இருக்கு. சுடுகாப்பி கொட்டியும் அவளுக்குத் தெரியலை.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. நாற்பது தலைகள் திரும்பின. காமாட்சி கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூட்டிப்போனார். இன்ஸ்பெக்டர் சட்டைப்பையிலிருந்து ஓர் இறகை எடுத்தார்.

“கண்ணை மூடிக்கம்மா. நான் தொடுற எடத்தை வெரல வச்சுக் காட்டு.”

நெற்றியில் தொட்டார், காட்டினாள். உள்ளங்கையில் தொட்டார், காட்டினாள். பிறகு தேமலில் தொட்டார். இறகு அங்கேயே வட்டமிட்டது. காமாட்சி கண்ணை மூடியபடி விரலைத் தயாராக நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

“இன்னும் தொடலையா சார்?” என்றாள்.

அவர் இறகைப் பைக்குள் வைத்தார்.

மறுநாளே பள்ளிக்கூட வாசலில் அம்மாக்கள் கூடிவிட்டார்கள். என் அம்மாவும் வந்திருந்தார். தலைமையாசிரியை படியில் நின்று ஒரே தரம் பேசினார். “மாத்திரை சாப்புட ஆரம்பிச்சுட்டா. பள்ளிக்கூடம் வரலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. அவ வருவா. பிடிக்காதவுக டிசி வாங்கிட்டுப் போகலாம்.” யாரும் வாங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மா, “அவ பக்கத்துல ஒக்காந்தேன்னு தெரிஞ்சுச்சு, படிப்பை நிப்பாட்டிருவேன்” என்றார்.

நான்கு நாள் கழித்துக் காமாட்சி வந்தாள். பெஞ்சில் இருந்த மற்ற இருவரும் ஏற்கெனவே இடம் மாறியிருந்தார்கள். நான் எழுந்து, “இங்க இருந்தா போர்டு சரியாத் தெரிய மாட்டேங்குது டீச்சர்” என்றேன். அது முதல் பெஞ்ச். நான் பையை எடுத்துக்கொண்டு போனது மூன்றாவது பெஞ்சுக்கு. டீச்சர் என்னை ஒரு கணம் பார்த்தார். காமாட்சி பார்க்கவே இல்லை.

இரண்டு நாள் அவள் தனியாக இருந்தாள். மூன்றாம் நாள் கடைசிப் பெஞ்சிலிருந்து ஜைத்தூன் எழுந்து வந்தாள். கட்டுரையெல்லாம் எழுதத் தெரியாது. கணக்கில் எப்போதும் ஒற்றை இலக்கம். பையைத் தொப்பென்று போட்டு, “தள்ளி ஒக்காருடி. இங்குட்டுத்தான் காத்து வருது” என்றாள். வருஷம் முழுக்க அங்கேதான் இருந்தாள். மதியம் இரண்டு தூக்குச் சட்டியும் ஒன்றாகத் திறக்கும். அந்த நிவாரண வேலையில் எங்கள் பள்ளியில் உருப்படியாக ஏதாவது நடந்தது என்றால் அதுதான். கோப்பை எங்கள் வகுப்புக்கே கிடைத்தது. தலைவி என்ற முறையில் நான்தான் மேடையேறி வாங்கினேன்.

எட்டு வருஷம் கழித்துப் பிள்ளையார்பட்டிக் கோயில் குளக்கரையில் காமாட்சியைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. நாச்சியாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். குழந்தையை இடம் மாற்றியபோது அவள் கையைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். விரல்கள் நேராக இருந்தன. தேமல் எந்தக் கையில் இருந்தது என்றே சொல்ல முடியவில்லை.

“அன்னைக்கு வகுப்புல நான் கையைத் தூக்கியிருக்கக் கூடாது” என்றேன்.

“சேச்சே. அதுனாலதான் எங்கையி பொழைச்சுச்சு. அதுக்கு நான் கோவிப்பனா?” என்றாள். எதற்குக் கோபம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழந்தையின் நெற்றியில் விபூதியைத் துடைத்துச் சரிசெய்தாள்.

இப்போது அந்த ஸ்டாம்புகள் இல்லை. இறகோடு சைக்கிளில் வருகிற இன்ஸ்பெக்டர் இல்லை. நான்கு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் நீள பெஞ்சுகளும் போய்விட்டதாகக் கேள்வி. ஆனால் எனக்குத் தொலைந்தது அன்று பிள்ளையார்பட்டிக் குளக்கரையிலேயே தொலைந்துவிட்டது. புறப்படும்போது காமாட்சி நல்ல சிரிப்போடுதான் சொன்னாள்:

“வாரேங்க. நாச்சியாபுரம் பக்கம் வந்தீகன்னா வீட்டுக்கு வாங்க.”