முதல் வாய் யாருக்கு?

என் அத்தானுக்கு முள்கரண்டி என்று பெயர். அந்தப் பட்டப்பெயரை அவர் தன் கல்யாணத்தன்றே சம்பாதித்துக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்த புதுப்பெண், அதாவது என் அக்கா, முள்கரண்டியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், "இதுக்கு ஒரு கதை இருக்கு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெனிஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் இளவரசி தங்க முள்கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டாளாம். கடவுள் கொடுத்த விரல் பத்து இருக்கும்போது இது என்ன திமிர் என்று அங்கிருந்த பாதிரியார்கள் அவளைத் திட்டித் தீர்த்தார்களாம். கதை முடிந்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அக்கா ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். பத்தொன்பது வருஷமாகியும் அவள் அதை மறக்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் ஒரே மாநாட்டு மண்டபத்தில்தான் வேலை பார்க்கிறோம். அக்கா தலைமைச் சமையல்காரி. அத்தான் சாப்பாட்டுக் கூடத்தில் உதவி மேற்பார்வையாளர். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். நான் பாத்திரம் கழுவும் பகுதி. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஆடும் ஒரு கதவு, அதில் வட்டமாக ஒரு கண்ணாடி. என் தொட்டி அதற்குப் பக்கத்தில் இருப்பதால் உலகத்தையே நான் அந்த வட்டம் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மண்டபத்தில் இரண்டு சட்டங்கள். சமையலறை ஆட்கள் கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது. கூடத்து ஆட்கள் விருந்தாளிகள் கண்ணெதிரே எதையும் வாயில் போடக்கூடாது. மீறினால் சீட்டுக் கிழிந்துவிடும். அதனால் அக்கா சமைத்ததை யாராவது சாப்பிட்டு அவள் பார்த்ததே கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சாப்பிடுவதும் கிடையாது. அவள் இரண்டு மணிக்கு உட்காருவாள், அவர் நாலு மணிக்கு நின்றபடியே விழுங்குவார்.

மிச்ச நேரமெல்லாம் அத்தானுக்குப் புத்தகம்தான். பழைய புத்தகக் கடையில் உலகச் சாப்பாட்டுப் பழக்கங்கள் என்று எது கிடைத்தாலும் வாங்கி வந்துவிடுவார். எந்த நாட்டில் உறிஞ்சிக் குடித்தால் சந்தோஷப்படுவார்கள், எந்த நாட்டில் முகம் சுளிப்பார்கள் எல்லாம் அத்துப்படி. எனக்குக் கேட்டுக் கேட்டுக் காதே புளித்துவிட்டது.

போன மாதம் ஒரு நாள் மேனேஜர் அத்தானிடம் வந்து சொன்னார்: "சாப்பாட்டோட சரித்திரத்தை ஆராய்ச்சி பண்ற ஆறு பேர், ஆறு நாட்டுலேர்ந்து நாலு நாள் கழிச்சு மாநாட்டுக்கு வர்றாங்க, மதியம் இங்கதான் சாப்பாடு. ஒழுங்கா நடந்தா நீங்கதான் மேற்பார்வையாளர், நிரந்தரம். சொதப்புனீங்கன்னா மறுநாள்லேர்ந்து கார் நிறுத்துற இடத்துல போய் விசில் ஊதுங்க."

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் தூக்கமில்லாமல் ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஒவ்வொருவர் தட்டிலும் ஓர் அட்டை வைப்பது. அதில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் நாட்டு மரியாதை எழுதியிருக்கும். ஒருவர் மனம் கோணாமல் இன்னொருவர் நடந்துகொள்ளலாம் அல்லவா? எனக்குப் படித்துக் காட்டியபோது நானும் பிரமாதம் என்றுதான் சொன்னேன். என் புத்தியை என்ன சொல்வது!

விருந்தன்று அக்கா சூஃப்ளே செய்தாள். முட்டை வெள்ளையை நுரை பொங்க அடித்து, சீஸ் கலந்து, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஓவனில் வைத்தால் விளிம்புக்கு மேலே புஸ்ஸென்று எழும்பி நிற்கும். வெளியே எடுத்தால் ஐந்து நிமிஷம்தான் ஆயுசு. "வச்ச கையோட சாப்பிடச் சொல்லுங்க, இல்லன்னா உக்காந்துடும்," என்று அத்தானிடம் நாலு தடவை சொல்லி அனுப்பினாள்.

ஆறு கிண்ணங்களும் மேசைக்குப் போயின. ஆறு பேரும் அட்டையைப் படித்தார்கள். அப்புறம் யாரும் கையை அசைக்கவில்லை.

கொரியாக்காரருக்கு எண்பத்தொரு வயது. அவர் ஊர் வழக்கப்படி மூத்தவர் கரண்டியை எடுத்தால்தான் மற்றவர்கள் எடுக்கலாம். ஆனால் அவர் அட்டையிலோ, எதிரே இருக்கும் பிரான்ஸ் அம்மாள் ஊரில் விருந்து கொடுக்கும் பெண்மணிதான் முதலில் தொடவேண்டும் என்று இருந்தது. மாநாட்டுத் தலைவியே அந்த அம்மாள்தான். அவருடைய அட்டையில் மூத்தவர்தான் முதலில் என்றிருந்தது. இரண்டு பேரும் "நீங்கள்தான்", "இல்லை, நீங்கள்தான்" என்று தலையைக் குனிந்து குனிந்து நிமிர்ந்தார்கள். ஜெர்மன்காரர் வாழ்த்துச் சொல்லட்டும் என்று எத்தியோப்பியப் பெண் காத்திருந்தாள். அவள் ஊரில் பிரியமானவர்களுக்குக் கையால் ஊட்டுவார்கள் என்று படித்துவிட்ட ஜெர்மன்காரரோ வாயைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜார்ஜியாக்காரர் எழுந்து கோப்பையை உயர்த்திப் பேசுவார் என்று ஜப்பான்காரர் அவர் முகத்தையே பார்த்தார். ஜார்ஜியாக்காரரோ ஜப்பான் வழக்கப்படி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, ஜப்பான்காரர் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லட்டும் என்று அவர் வாயைப் பார்த்தார்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். சுவரோரம் மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

"என்னடி அங்க? சாப்பிடறாங்களா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"என்னது!"

என்னைத் தள்ளிவிட்டு வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்தாள். முதல் கிண்ணம் லேசாகத் தொய்ய ஆரம்பித்திருந்தது. அவ்வளவுதான். கதவை ஒரே உதையில் திறந்துகொண்டு, மாவு அப்பிய ஏப்ரனோடு, கையில் கரண்டியோடு கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள். மேனேஜர் "ஏய், ஏய்!" என்றது யார் காதிலும் விழவில்லை.

நேராகப் போய்ப் பிரான்ஸ் அம்மாளின் கிண்ணத்தில் கரண்டியை விட்டு, நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டாள். "உப்பு சரியாத்தானே இருக்கு!" என்று அத்தானிடம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. வாயத் திறங்க!"

அத்தான் மேனேஜரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். இவளை யாரென்றே தெரியாது என்று சொல்லியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். அவர் வாயைத் திறந்தார். அக்கா அடுத்த கரண்டியை உள்ளே தள்ளினாள்.

விழுங்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, விருந்தாளிகளுக்குப் புரியும் மொழியில் வெளுத்து வாங்கினார் பாருங்கள்! அந்தக் காலத்து அரசர்கள் ருசி பார்ப்பவர் முதலில் சாப்பிட்டு, உயிரோடு நின்றால்தான் கை வைப்பார்களாம். "இதோ ருசி பார்த்தாச்சு. ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம். இனிமே நீங்க சாப்பிடலாம்."

எத்தியோப்பியப் பெண்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க ஊர் மாதிரியே ஊட்டிவிட்டாங்க!" என்று கை தட்டி, ஒரு கரண்டி அள்ளி ஜெர்மன்காரரின் திறந்த வாயில் வைத்தாள். அவர் வாய் நிறைய வாழ்த்துச் சொன்னார். ஜார்ஜியாக்காரர் கோப்பையோடு துள்ளி எழுந்தார், ஜப்பான்காரர் கை கூப்பினார், கொரியத் தாத்தா கரண்டியை எடுத்தார், பிரான்ஸ் அம்மாள் ஏற்கெனவே பாதிக் கிண்ணத்தைக் காலி செய்திருந்தார். பாதி தொய்ந்த சூஃப்ளேயை ஆளாளுக்கு வழித்துச் சாப்பிட்டார்கள். அக்கா அங்கேயே நின்று ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை அந்த வட்டக் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். எனக்கும் கலங்கியது, மறைப்பானேன்.

போகும்போது அந்தத் தலைவி அம்மாள் வருகைப் பதிவேட்டில் எழுதினார்: "இப்படி ஒரு அழகான தொடக்கச் சடங்கை வேறெங்கும் நான் கண்டதில்லை." அன்றைக்கு அந்த மேசையிலேயே பிறந்த சடங்கு அது என்று சரித்திரம் படித்த அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அத்தானைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டுத்தான் போனார். மேனேஜருக்கோ அதைப் படித்து உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளே அத்தான் நிரந்தரம். கூடவே ஒரு புதுச் சட்டம்: இனி ஒவ்வொரு விருந்தும் தலைமைச் சமையல்காரி கூடத்துக்கு வந்து மேற்பார்வையாளருக்கு ஒரு கரண்டி ஊட்டிய பிறகுதான் தொடங்கவேண்டும்.

ஆக, கல்யாணத்தன்று சேர்ந்து ஒரு வாய் சாப்பிடாத இரண்டு பேரும் இப்போது தினமும் மதியம் ஒரே கரண்டியில் சாப்பிடுகிறார்கள். முதல் வாய் அவளுக்கு, அடுத்தது அவருக்கு. வாய் நிறைந்திருப்பதால் அவரால் கதையும் சொல்ல முடிவதில்லை.

வீட்டில் சண்டை போட்டுவிட்டு வரும் நாளில் மட்டும், அவருடைய கரண்டியில் அக்கா பாதிக்கு உப்பைக் கலந்துவிடுகிறாள். விருந்தாளிகள் அத்தனை பேரும் பார்க்க, அத்தான் அதை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே "பிரமாதம்!" என்கிறார். அப்புறம் ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு என் தொட்டிக் குழாய்க்கு ஓடி வருகிறார்.