கைமாறி வந்த மூங்கில் தடி

பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் மூங்கில் தடியைப் போன வாரம் என் மருமகள் மறுபடியும் தூக்கி எறியப் பார்த்தாள். ஒட்டடை அடிக்கக்கூட உதவாத தடிதான். நடுக்கணு பிளந்திருக்கிறது. பிடி மட்டும் யார் யாரோ பிடித்துப் பிடித்துக் கறுத்து மினுங்குகிறது. "எதுக்குங்கத்தை இந்தக் குச்சி?" என்று கேட்டாள். "அதத் தொட்டியோ, பாத்துக்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பாவம், அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அப்படித்தான் சுருக்கென்று வரும். அந்தத் தடியை என் கையில் கொடுத்தவர் ஒரு கொல்லிமலைக்காரர். கொடுக்க வைத்தவர் எங்கள் ஹெட் நர்ஸ் அக்கா.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முன்னால் நான் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எனக்கும் அக்காவுக்கும் ஒரே குவார்ட்டர்ஸ். அக்காவுக்கு நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. தாய் தகப்பன் போன பிறகு கூடப் பிறந்தவர்களை ஆளாக்கிக் கட்டிக்கொடுத்ததிலேயே வயது ஓடிவிட்டது. காலையில் கண் விழித்ததிலிருந்து "சிஸ்டர், சிஸ்டர்" என்று நாலு பக்கமும் கூப்பாடு. சோற்றில் கை வைத்தால் ஒரு கூப்பாடு, தலைக்கு எண்ணெய் வைத்தால் ஒரு கூப்பாடு. இந்த லட்சணத்தில் கரூரிலிருந்து அக்காவின் தம்பி வந்து நின்றார். அவர் மனைவி இறந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது, மூன்று சின்னக் குழந்தைகள். "தீபாவளி கழிஞ்சதும் வேலைய உட்டுட்டு வந்துருக்கா. உனக்குன்னு ஒரு ரூமு வெள்ளையடிச்சு வெச்சிருக்கறேன்" என்றார். வருகிறாயா என்று கேட்கவில்லை, வெள்ளையடித்தாகிவிட்டது என்று தகவல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ காப்பியை ஆற்றிக் கொடுத்து, தீபாவளி கழித்துப் பதில் சொல்வதாக அனுப்பி வைத்தார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தப் பயணத் திட்டம். சேர்ந்து கிடந்த லீவையெல்லாம் ஐப்பசியில் எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக எங்கேயாவது போய் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் கரூருக்குப் பதில். "மெட்ராஸ்ல என்னை யாருக்கும் தெரியாது. கொல்லிமலையில ஆளே இருக்காது. எனக்கு ரெண்டும் வேணும் கண்ணு" என்பார். ஒரு பிடி புளியங்கொட்டையை மேஜையில் போட்டு, ஒரு நாளுக்கு ஒரு கொட்டை என்று பட்டணத்துக்கு இந்தப் பக்கம், மலைக்கு அந்தப் பக்கம் பிரித்து வைப்பார். டிராம் ஆசை வந்தால் ஒரு கொட்டை இந்தப் பக்கம் நகரும். யாரோ ஒரு நோயாளியின் உறவுக்காரர்கள் வந்து கத்திவிட்டுப் போனால் இரண்டு கொட்டை மலைக்குப் போய்விடும். ராத்திரி படுத்த பிறகும் எழுந்து போய் நகர்த்துவார். பார்த்துப் பார்த்து எனக்கே கால் ஓரிடத்தில் நிற்காமல் போய்விட்டது. "நானும் வரேனே" என்றேன். "நீ வந்தா அப்புறம் அது என்ன தனியாப் போறது?" என்று சிரித்தார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அழுகைகூட வந்தது.

எங்கள் ஊர் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. என் மாமா மிளகு வாங்க அடிக்கடி மலையேறுகிறவர். சேலம் வந்திருந்தபோது அக்கா அவரிடம் வழி விசாரித்தார். "ஐப்பசியில மலைக்காய்ச்சல் வருமுங்க" என்றார் மாமா. மருந்து கைவசம் இருப்பதாக அக்கா சொன்னார். "அது சரிங்க. ஆனா மலையில தனியா நடக்க உட மாட்டாங்களே" என்று மாமா இழுத்தார். புலி, கரடி என்று பயமுறுத்துகிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மெட்ராஸ் கொட்டைகள் பாதிகூடத் தீரவில்லை, அக்கா திரும்பி வந்துவிட்டார். தங்கப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "கூட யாரும் வரலியா?" கூட யாரும் வரவில்லை என்றால் ரூம் இல்லை. கடைசியில் தெரிந்த நர்ஸ் ஒருத்தியின் ஹாஸ்டலில் ஒண்டிக்கொண்டார், அங்கேயும் அதே கேள்வி. கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தவரிடம் யாரோ ஒரு பெரிய மனுஷர் வந்து, "வீட்டில் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாயா அம்மா?" என்று புத்தி சொன்னாராம். டிராமில் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிம்மதியாகப் போய் வந்ததாகச் சொன்னார், அதுவும் டிக்கெட் கொடுப்பவர் தலை நிமிராத ஆள் என்பதால். எங்கள் ஊர் வழியாக மலைக்குக் கிளம்பும்போது அவர் முகம் களையிழந்து போயிருந்தது. தீபாவளி லீவில் நானும் ஊரில்தான் இருந்தேன். அடிவாரம்வரை மாமாவும் நானும் போய்விட்டு வந்தோம். அப்போது மேலே போக ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான்.

மாமா சொன்னதன் அர்த்தம் அக்காவுக்கு மலையில்தான் புரிந்தது. அந்தப் பக்கத்தில் வெளியாள் வந்தால் ஓர் ஊர்க்காரர் மூங்கில் தடியோடு கூட நடந்து அடுத்த ஊர் எல்லைவரை கொண்டுபோய் விடுவார். அங்கே ஒருவர் அந்தத் தடியை வாங்கிக்கொண்டு கூட்டிப் போவார். ஆளும் தடியும் சேர்ந்தே கைமாறும். முதல் நாள் அக்காவுக்கு எரிச்சலான எரிச்சல். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மறுநாள் விடிவதற்குள் நழுவப் பார்த்தார். சாமைக் காட்டு ஓரத்தில் ஒரு பெண் தடியோடு உட்கார்ந்து பல் குச்சி மென்றுகொண்டிருந்தாள். "எந்த ஊருக்குப் போவோணுங்க?" என்றாள், எழுந்து பின்னாலேயே வந்தாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. கட்டியவன் எங்கே, என்ன ஆட்கள், ஏன் தனியாக என்று ஒரு வார்த்தை இல்லை. மலை முழுக்க அப்படித்தான். எந்த ஊருக்கு என்று கேட்பார்கள், அக்கா கை காட்டிய பக்கம் கூட நடப்பார்கள். மேலே செம்மேட்டில் ஒரு பாறையில் அக்கா வெகு நேரம் உட்கார்ந்திருந்தாராம். தடி பிடித்திருந்தவர் கொஞ்சம் தள்ளித் திரும்பி உட்கார்ந்து வெற்றிலை போட்டாராம். "ஆளு கூடவேதான் இருந்தாங்க கண்ணு, ஆனா நான் தனியா இருந்தேன்" என்று பின்னால் சொன்னார்.

அக்கா இறங்குகிற நாளில் கரூர்த் தம்பி வண்டி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் விசாரித்து வந்திருக்கிறார். நேராகக் கரூருக்கே கூட்டிப் போவதாக ஏற்பாடு. அடிவாரத்தில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் குறுக்கும் நெடுக்கும் நடந்தோம். அக்கா இன்றைக்கு அந்த வண்டியில் ஏறினால் ஏறினதுதான், இனி ஆஸ்பத்திரிப் பக்கம் வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். வெயில் ஏறிய பிறகு அக்கா வந்தார், பின்னால் தடியோடு நரைத்த மீசைக்காரர் ஒருவர். தம்பி ஓடிப்போய்ப் பையை வாங்கக் கை நீட்டினார். மலைக்காரர் அவரைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, இவருகிட்ட உடலாங்களா?"

பிறந்ததிலிருந்து அக்காவிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கண் கலங்கியது, ஆனால் குரல் தெளிவாக வந்தது. "வேண்டாங்க. தம்பி நல்லவன்தான். ஆனா அவன் போற ஊருக்கு நான் போகல."

"என்னக்கா பேசற நீ?" என்ற தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப யாருகிட்டங்க உடறது?" என்றார் மலைக்காரர்.

அக்கா என்னைக் காட்டினார். "இந்தப் புள்ளகிட்ட உடுங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவர் வந்து தடியை என் கையில் வைத்து, "பாத்துக் கூட்டிட்டுப் போங்க, சாமி" என்றார். கூட வரக்கூடாது என்று என்னை விட்டுப் போன அக்காவை என் பொறுப்பில் கொடுத்துவிட்டு மனுஷர் மலையேறிப் போய்விட்டார். தம்பி ஒரு வருஷம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் குழந்தைகள் லீவுக்கெல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸுக்குத்தான் வந்து கொட்டமடித்தன. அக்கா கடைசிவரை வேலையை விடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் என் பெரியவன் பெங்களூரில் இருக்கும் சின்னவனுக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை அம்மாவை ரயில் ஏத்திவிடறேன், நீ ஸ்டேஷன்ல வந்து எடுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று மாதம் இங்கே, மூன்று மாதம் அங்கே. அவர்கள் வகுத்த கணக்கு அது, குறை சொல்ல முடியாது. நான் எழுந்து போய் மருமகளிடம் புளியங்கொட்டை கேட்டேன். பாக்கெட் புளியில் கொட்டை வருவதில்லையாம். கொண்டைக்கடலை கொஞ்சம் அள்ளி வந்து மேஜையில் பரப்பினேன். சேலத்துக்கு ஒன்று வைத்தேன், மிச்சத்தையெல்லாம் செம்மேட்டுப் பக்கம் தள்ளினேன். இப்போது மேலேவரை பஸ் போகிறதாம். பீரோவுக்குப் பின்னாலிருந்து தடியை எடுத்துக் கொண்டு வந்து பெரியவன் முன்னால் நின்றேன். போனைக் கையில் பொத்திக்கொண்டு, "என்னம்மா?" என்றான்.

"உன் தம்பி நல்லவன்தான்டா. நீயும் நல்லவன்தான். ஆனா இந்த ஐப்பசிக்கு நீங்க சொல்ற ஊருக்கு நான் போகல."