கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, தாதா

பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போற ஆளு நான். தூத்துக்குடியில இருந்து கல்கத்தா வந்து, கிடர்பூர் துறைமுக டாக்ல மெக்கானிக்கா முப்பது வருசத்துக்கு மேல ஓட்டியாச்சு. ஆளில்லாத கப்பல்ல, இஞ்சின் ரூமுக்குள்ள, ஒத்தையில டார்ச்சு வச்சுக்கிட்டு வேலை பாத்திருக்கேன். இரும்பு சூடானா விரியும், ஆறினா சுருங்கும், சத்தம் வரும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லித் திரிஞ்சவன். நீங்க இதைக் கேட்டுட்டு மனசுக்குள்ள சிரிச்சாலும் எனக்குக் கோவம் இல்ல, நானும் சிரிச்சிருப்பேன்.

எங்ககிட்ட ஒரு வேன் இருந்துச்சு. ஏதோ ஒரு சணல் மில்லுல ஆளுகள ஏத்தி எறக்குன பழைய ஸ்டாஃப் வேன். ஹவுராவுல ஒரு புரோக்கர்கிட்ட வாங்கி, சீட்டையெல்லாம் கழட்டிட்டு, பக்கவாட்டுல நீளமா ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணி டேங்க், ஃபேன், எல்லாம் நானே அடிச்சேன். ரிட்டயர் ஆனதும் நானும் என் பொஞ்சாதி செல்வியும் தீகா, பூரின்னு கடலோரமாவே போயிக்கிட்டு இருக்கணும்னு ஆசை. இப்படி வண்டியையே வீடாக்குனவங்க நிறையப் பேரு உண்டு, எங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு. கொரோனா வந்தப்ப அதுல ஒரே குசால். ஊரே கதவடைச்சுக் கெடக்கு, நமக்கென்ன, சக்கரம் வச்ச வீடு, யாரு மூச்சும் நம்ம மேல படாதுன்னு எழுதுவாங்க. ரெண்டாவது அலை அடிச்சப்ப அந்தக் குசால் எல்லாம் அடங்கிப்போச்சு. குட் மார்னிங் போட்டவங்க ஒவ்வொருத்தரா காணாமப் போனாங்க.

எனக்கு டூட்டி நிக்கல. துறைமுகத்துக்கு ஏது லாக்டவுன். செல்விக்கு மூச்சு இழுப்பு உண்டு, மக அனிதா மாசமா இருந்தா, தலைப் பிரசவத்துக்கு வந்தவ எங்ககிட்டயே மாட்டிக்கிட்டா. நான் டாக்ல பத்துப் பேரோட பழகிட்டு வீட்டுக்குள்ள ஏறுனா என்ன ஆகும்? அதனால நான் வேன்லயே இருந்துக்கிடுதேன்னு எறங்கிட்டேன். பாலிகஞ்ச்சுல பழைய அபார்ட்மெண்ட், எங்க வீடு ரெண்டாவது மாடி, வேன் கீழ காம்பவுண்டுல வேப்பமரத்தடியில. செல்வி ஜன்னல் வழியா கயித்துல பையக் கட்டி சோறு எறக்குவா. நான் வாங்கிக்கிட்டு அண்ணாந்து பாப்பேன், அவ குனிஞ்சு பாப்பா. அதுதான் எங்க குடும்பம், அம்புட்டுத்தான்.

மொதல்ல நான் கவனிச்சது ஸ்பிரிங்கு சத்தம். சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்து குளிச்சுட்டு கட்டில்ல உக்காந்திருப்பேன், வெளிச்சம் இன்னும் இருக்கும், காக்கா கத்திக்கிட்டு இருக்கும். அப்ப வண்டி லேசா ஒரு பக்கம் அமுங்கும். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவ. படியில ஒரு ஆளு காலு வச்சு ஏறுனா வண்டி எப்படி எறங்கி ஏறுமோ, அப்படியே. தட்டுல ரசம் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கும். நான் மெக்கானிக்கு இல்லையா, மறுநா லீவு போட்டு வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தேன். ஸ்பிரிங் பட்டை ஒண்ணுகூட ஒடையல, ஷாக்கப்சர் நல்லா இருக்கு, டயர்ல காத்தும் எறங்கல. மறுபடியும் சாயங்காலம், ஒவ்வொரு ஆளா ஏறுற மாதிரி அமுங்குச்சு.

ஒரு நா செல்வி சோத்துப் பைய எறக்கல. ஜன்னல்ல நின்னுக்கிட்டு சத்தம் போடுதா.

"உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? எங்களுக்காகத்தான கீழ போயிக் கெடக்குதேன்னு சொன்னிய? இப்ப இம்புட்டுப் பேர வண்டிக்குள்ள ஏத்தி வச்சிருக்கிய!"

"யார ஏத்துனேன்? நான் ஒத்தையில கெடந்து சாவுதேன் இங்க."

"பொய் சொல்லாதிய. ரெண்டு பக்கமும் ஆளு உக்காந்திருக்கு, மேல இருந்து கண்ணாடி வழியா தல தலயாத் தெரியுது. ஒருத்தன்கூட மாஸ்க் போடல."

நான் திரும்பிப் பாத்தேன். கட்டிலு, அடுப்பு, துவைச்சுப் போட்ட சட்டை. அவ ஜன்னலச் சாத்திட்டா. அப்புறம் அனிதாதான் பைய எறக்குனா, "அப்பா, அம்மாவுக்குப் பயம், அதான்"னு மட்டும் சொன்னா. என் பொஞ்சாதி எங்கிட்ட ரெண்டு நா பேசல. எனக்கு வண்டி அமுங்குனது பெருசாத் தெரியல, அவ என்ன நம்பலையேங்கிறதுதான் நெஞ்ச அறுத்துச்சு.

அந்த ரெண்டு நாள்லதான் காதுல கேட்டுது. நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. கல்கத்தா பஸ்ஸுல போயிருந்தியன்னா தெரியும், கூட்டத்துல எவனாவது வந்து முட்டிய இடிச்சுக்கிட்டு, "தாதா, ஏக்டு சேபே போஷுன்" அப்படிம்பான். அண்ணே, கொஞ்சம் நெருங்கி உக்காருங்கன்னு அர்த்தம். அந்தக் கொரல். அலுத்துப்போன, வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற மனுசன் கொரல், என் காதுக்குப் பக்கத்துல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பழக்க தோசத்துல தள்ளி உக்காந்துட்டேன். உக்காந்த பொறவுதான் ஒடம்பு சில்லுன்னு ஆச்சு. அந்தப் பக்கத்துத் தோள்ல மட்டும் லேசா ஒரு சூடு. ஆள் பக்கத்துல ஆள் உக்காந்தா வருமே, அந்தச் சூடு.

எந்திரிச்சு ஓடியிருக்கணும், ஓடல. ஏன்னா ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, ஒரு உசுரு என்னத் தொட்டு. டாக்ல எல்லாரும் தள்ளி நிக்காங்க, வீட்ல கயித்துல சோறு வருது, ரோட்டுல ஆம்புலன்ஸ் சத்தம் தவிர ஒண்ணுமில்ல. அந்தச் சூடு எனக்கு வேண்டியிருந்துச்சு. நான் அப்படியே உக்காந்திருந்தேன்.

அப்புறம் காய்ச்சல். வேப்பம்பூ வாசம் நின்னுபோச்சு, காப்பி வெந்நீரா இருந்துச்சு. டெஸ்ட்ல பாசிட்டிவ். செல்வி ஜன்னல்ல நின்னு அழுதா, சண்டையெல்லாம் மறந்துபோச்சு. எந்த ஆஸ்பத்திரியிலயும் பெட் கெடையாது. டாக்டர் போன்லயே மாத்திரை சொன்னாரு, குப்புறப் படுங்க, மூச்சு வாங்குனா கூப்பிடுங்கன்னாரு. எனக்கு மூச்சே வாங்கல. அதுதான் விசயம். நாலஞ்சு நா கழிச்சு ஒரு சாயங்காலம், கால்பைசாகி, அதான் இங்க கோடையில அடிக்கிற புயல்மழை, வரப்போவுது, வானம் கருத்து, காத்து புழுதியக் கெளப்புது, எனக்கு அம்புட்டு சுகமாத் தூக்கம் வருது. கஷ்டமே இல்ல. ஸ்டாப்பு வரட்டும் எறங்கிக்கிடுவோம்னு ஒரு நெனப்பு. என்ன ஸ்டாப்புன்னு எனக்குத் தெரியாது, ஆனா அப்படித்தான் நெனச்சேன்.

இதுக்கு மேல நடந்தது நான் பாக்கல, மத்தவங்க சொன்னது. வண்டி தகரத்துல யாரோ படார்னு அடிச்சிருக்காங்க. இங்க கண்டக்டருங்க பஸ்ஸ நிறுத்தச் சொல்லி உள்ளங்கையால அடிப்பாங்கல்ல, அந்த அடி. விடாம அடி. ரெண்டாவது மாடியில செல்வி கேட்டிருக்கா, வாட்ச்மேன் நிமாய் கேட்டிருக்கான், கீழ்வீட்டுப் பெரியம்மா, நாங்க மாஷிமான்னு கூப்பிடுவோம், அவங்க வாசலுக்கே வந்துட்டாங்க. நான்தான் ஒதவிக்கு அடிக்கேன்னு செல்வி போன் போட்டிருக்கா, நான் எடுக்கல. இழுப்புக்காரி, மாஸ்க்க மாட்டிக்கிட்டு மழையில எறங்கி ஓடி வந்துட்டா. நான் கட்டில்ல உதடு நீலமாக் கெடந்தேனாம். மாஷிமா வீட்டு ஆக்சிமீட்டர மாட்டிப் பாத்துட்டு நிமாய் தலையில கைய வச்சுக்கிட்டானாம். பாடாப் பையங்க, அதான் எங்க தெருப் பசங்க, எங்க இருந்தோ சிலிண்டர் தூக்கிட்டு வந்தாங்க, அவங்க நல்லா இருக்கணும். மறுநா ஒரு ஆஸ்பத்திரியில எடம் கெடச்சுது. பொழச்சேன். பேரனும் நல்லபடியாப் பொறந்தான்.

தேறினதும் அந்தப் புரோக்கரத் தேடிப் போயி வேனப் பத்திக் கேட்டேன். விபத்து உண்டா, யாரும் செத்தாங்களான்னு. மில்லு டிரைவரையே போன்ல பிடிச்சுக் குடுத்தாரு. ஒண்ணுமே இல்லையாம். ஒரு கோழி கூட அடிபட்டது கெடையாதுன்னு சிரிச்சாரு. ஏதாவது இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும், பாத்துக்கிடுங்க.

செல்வி அந்த வேன்ல அதுக்கப்புறம் ஏறவே இல்ல. கடைசியில வித்துட்டோம். ஏன் ஏறலன்னு கேட்டா சொல்ல மாட்டா. போன வருசம் ஒரு நா காலையில காப்பி குடிக்கையில அவளாச் சொன்னா.

"அன்னிக்கு நான் ஓடி வாரப்ப வண்டிக் கதவு தொறந்திருந்துச்சு. உள்ள இருந்தவங்க ஒவ்வொருத்தரா எறங்கி மழையில வாசல் கேட்டப் பாத்துப் போனாவ. கடைசியா நீங்க எறங்குனிய. நான் 'ஏங்க'ன்னு கத்துனேன். திரும்பி என்னப் பாத்திய. பாத்துட்டு, அவங்க கூடவே போயிட்டிய."

"ஏய், நான் கட்டில்ல இல்ல கெடந்தேன்?"

"ஆமா. நீங்க போனதுக்கப்புறம்தான் உள்ள ஏறிப் பாத்தேன். கட்டில்லயும் நீங்க கெடந்திய."

பயத்துல கண்ணு அப்படிக் காட்டும்னு நான் சொன்னேன். ஆனா அப்பதான் எனக்கு ஒண்ணு வெளங்குச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து அவ எங்கிட்ட பழசு எதையாவது கேட்டுக்கிட்டே இருந்தா. கல்யாணத்துக்கு உங்க சித்தப்பா என்ன சட்டை போட்டிருந்தாரு, ஹவுராவுல மொதமொத வந்து எறங்குனப்ப நாம என்ன சாப்பிட்டோம், இப்படி. நான் ஏதோ பேச்சுக்குக் கேக்கான்னு பதில் சொல்லிக்கிட்டே வந்திருக்கேன். எல்லாத்துக்கும் சரியாச் சொன்னேன்.

இந்தப் பொங்கலுக்கு முந்தி ஒரு நா காய் நறுக்கிக்கிட்டே கேட்டா, "அனிதா பொறந்தப்ப ஆஸ்பத்திரியில பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியளே, என்னது அது?"

நான் வாயத் தொறந்தேன். வரல. அந்த ரூம் ஞாபகம் இருக்கு, டெட்டால் வாசம் ஞாபகம் இருக்கு, சொன்னது மட்டும் இல்ல. அவ கத்தியக் கீழ வச்சுட்டு என்னப் பாத்தா. அப்புறம் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

வயசாயிருச்சு, மறதிதான், யாருக்குத்தான் இல்ல. ஆனா அன்னியோட செல்வி எங்கிட்ட பழசக் கேக்குறத நிறுத்திட்டா.