செப்டம்பர் ஒன்றுக்கு நான்கு நாள் முன்பு

இந்த அமெரிக்காவில் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பிறந்த தேதியைக் கேட்கிறார்கள். மருந்துக்கடை, பல் டாக்டர், நூலகம், எங்கே போனாலும் முதல் கேள்வி "டேட் ஆஃப் பர்த்?" வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் அந்தக் கேள்விக்கு எனக்குச் சட்டென்று வாய் வராது. என் பாஸ்போர்ட்டில் ஜூன் ஒன்று. என் மனைவி செல்விக்கும் ஜூன் ஒன்றுதான், வருடம் மட்டும் வேறு. பேரையூர் பக்கம் எங்கள் தலைமுறையில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்குத் தேதி போட்டது தலைமையாசிரியர். வயிற்றில் சுமந்தவளிடம் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் மருந்துக்கடைப் பெண் எங்கள் இருவர் தேதியையும் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்து, ஒரே நாளில் பிறந்து கல்யாணமும் செய்துகொண்டீர்களா, எவ்வளவு அழகான பொருத்தம் என்று உருகினாள். நாங்களும் ஆமாம் என்று வெட்கப்பட்டுவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தோம். அதை அவளுக்கு விளக்குவதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள்.

இப்படிச் சிரித்துக் கழித்த விஷயம்தான் போன மே மாதம் என் மகள் பவித்ராவின் கழுத்தைப் பிடித்தது. அவள் ஹைஸ்கூலில் கிராஸ்கன்ட்ரி ஓடுகிறாள். புல்வெளி, மேடு, ஓடைக்கரை என்று மூன்று மைல் ஓடும் போட்டி அது. பதினோராம் வகுப்பு முடித்தபோது பள்ளியிலேயே முதல் ஆள் அவள்தான். கடைசி வருடத்துக்கு அவளையே அணித்தலைவியாகவும் போட்டிருந்தார்கள். பிறகு ஒருநாள் அவளுடைய கோச் மிசஸ் கார்ட்டர் என்னை வரச்சொல்லி ஒரு தாளை முன்னால் வைத்தார். மாநில விளையாட்டுக் கழகத்தின் தகுதி விதிகள். படிப்பில் இத்தனை மார்க், இந்தப் பள்ளியின் எல்லைக்குள் வீடு, டாக்டர் சான்றிதழ் என்று வரிசையாக இருந்ததில் ஒரு வரியை மட்டும் மஞ்சள் மையில் கோடு போட்டிருந்தார். செப்டம்பர் ஒன்றாம் தேதிக்கு முன்னால் பத்தொன்பது வயது நிறைந்தவர்கள் அந்த வருடம் எந்தப் பள்ளிப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது. பாஸ்போர்ட்படி பவித்ராவுக்குப் பத்தொன்பது நிறைவது ஆகஸ்ட் இருபத்தெட்டு. நான்கு நாள். நான்கே நாளில் ஒரு வருட ஓட்டம் போயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊரில் மாவட்டப் போட்டிக்குப் போனால் மீசையை மழித்துவிட்டு வந்து பதினாலு வயசுக்குள் பிரிவில் ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரே வயதைக் குறைத்து ஆடுகிறது, நான் ஒருத்தன் ஏற்றிவைத்துக் கெட்டேன். ஏற்றிவைத்தது நான்தான், அதை ஒளிப்பதில் பிரயோசனமில்லை. மிசஸ் கார்ட்டரிடம் அந்தத் தேதி தப்பு என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அப்படியானால் சுலபம், சரியான சான்றிதழைக் கொடுங்கள், முறையீடு அனுப்புகிறேன் என்றார். எங்கள் ஊரில் தேதி அப்படித்தான், பெரிதாக யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஏதோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "சரி, அவள் பிறந்தது எப்போது?" வாயைத் திறந்தால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். நான் பேசாமல் நின்றதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பெற்றோர் பிள்ளைக்காகப் பாடுபடுவது புரிகிறது, ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்று என்று என் தோளைத் தட்டினார். என்னைப் பொய்யன் என்று நினைத்துவிட்டு அன்பாகவும் இருக்கிறார். அதற்குப் பதில் அவர் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

முழுக் கதையை இங்கே சொல்கிறேன். எங்கள் பெயர்களை மாற்றியிருக்கிறேன், யாரும் தேட வேண்டாம். எங்களுக்கு முதலில் பிறந்தது பவித்ரா இல்லை. அப்போது நான் திருப்பரங்குன்றத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மூத்தவள் மதுரையில் ஆஸ்பத்திரியில் பிறந்தாள், ஆகஸ்ட் இருபத்தெட்டு. ஆஸ்பத்திரியிலேயே பதிந்து சான்றிதழும் கொடுத்தார்கள். அதில் பெயர் என்ற இடம் காலி, பாலினம் பெண் என்று மட்டும் இருந்தது. குலசாமி கோயிலில் மொட்டை போடும்போது பெயர் வைக்கலாம் என்று இருந்தோம். ஐந்தாவது மாதம் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். செல்வியின் ஊரில் ஓடையோரமாகப் புதைத்தோம். பச்சைப்பிள்ளை சாவை யார் போய் ஆபீஸில் எழுதிக் கொடுப்பார்கள்? எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றக்கூட இல்லை.

இரண்டு வருடம் கழித்து, ஐப்பசி அடைமழையில், செல்வியின் அம்மா வீட்டில் பவித்ரா பிறந்தாள். ஓடையில் தண்ணீர் போய் ஆட்டோ வர முடியவில்லை. பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தர் பிரசவம் பார்த்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததே போதும் என்று இருந்தோம், பதிவு பற்றி யாருக்கு நினைப்பு? பிறகு அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால் டீச்சரம்மா பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார். காலதாமதப் பதிவுக்கு அலைந்தால் அந்த வருடமே போய்விடும். செல்வியின் அண்ணன் முத்தையா மச்சான்தான் வழி சொன்னார். "வீட்டுல ஒண்ணு இருக்குல்ல மாப்ள, பேர் எழுதாதது. அதுல பாப்பா பேரை ஏத்திருங்க. யாருக்குத் தெரியப் போகுது?" ஒரு வருடம் வீணாகக் கூடாது என்ற அவசரம் எனக்கு. பெயரை ஏற்றினேன். நான்கே முக்கால் வயதுப் பிள்ளைக்குப் பேப்பரில் கிட்டத்தட்ட ஏழு வயது. உருவம் சின்னதாக இருக்கிறதே என்று டீச்சரம்மா கேட்டதற்கு, சாப்பாடு சரியில்லை என்று செல்வி சொன்னாள். பவித்ராவிடம் அது ஸ்கூல் தேதி, எல்லாருக்கும் அப்படி ஒன்று உண்டு என்று சொல்லி வளர்த்தோம். அக்கா இருந்தாள் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தாலே செல்வி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பவித்ரா ஓடப் பழகியதும் மதுரைப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் வெறுங்காலோடு ஓடுவாள். நான் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு போவேன். அங்கே அவளை யாரும் தேதி கேட்டதில்லை. எதிரே வருகிறவர்கள் கேட்டதெல்லாம், பொம்பளைப்பிள்ளையை எதுக்கு இம்புட்டு தூரம் ஓட விடுறீக என்பதுதான். அந்தக் கேள்விக்கு அப்போது எரிச்சலாக வரும். பதிமூன்று வயதில் அவள் இங்கே வந்து, ஊரில் முடித்திருந்த ஒன்பதாம் வகுப்பிலேயே மறுபடி உட்கார்ந்தபோது வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கும் அதே வயது. பேப்பரில் மட்டும் அவள் எல்லோருக்கும் அக்கா. இடம் மாறி வந்ததில் படிப்பு தாமதமாகியிருக்கும் என்று பள்ளியில் அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். சும்மா இருந்துவிட்டோம்.

ஜூலையில் லீவு போட்டு மதுரைக்குப் போனேன். மச்சானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து இரண்டு வாரம் அலைந்தேன். பவித்ரா பிறந்த ஊரில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தோம், அவர் தாலுகாவுக்கு அனுப்பினார். தாலுகாவில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். பிரசவம் பார்த்த அம்மா இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. தடுப்பூசி அட்டையை வீடு மாறும்போது எங்கேயோ தொலைத்திருந்தோம். மச்சான் போகிற இடமெல்லாம், "அமெரிக்காவுல என் மருமக ஓடுது, அதுக்குத்தான்" என்று பெருமையாக ஆரம்பிப்பார். கேட்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஓடுவதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள், வேறு வேலை இல்லையா என்பதுதான் அந்தப் பார்வை. அமெரிக்காவில் ஒரு தேதிக்காக என் மகளை நிறுத்துகிறார்கள், ஊரில் ஒரு தேதிக்காக நான் வந்ததைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளம் மாதிரி இருந்தேன்.

கடைசியாக, கோட்டாட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டவர் ஒரு கிளார்க். என் வயதுதான் இருக்கும், குறை சொல்ல முடியாத மனிதர். நான் கொண்டுபோன எல்லாத் தாளையும் பார்த்துவிட்டு, மூத்த பிள்ளைக்கு இறப்பு பதிந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப ரெக்கார்டுபடி உங்களுக்கு ஒரே பொண்ணுதாண்ணே. அது உசுரோட இருக்கு, அமெரிக்காவுல படிக்குது. இப்ப நீங்க சொல்ற பிள்ளை பிறக்கவே இல்ல."

சின்னவளுக்குப் பிறப்பு பதிய வேண்டுமானால் முதலில் பெரியவளுக்கு இறப்பு பதிய வேண்டும். அதற்கு ஒரு பிரமாண வாக்குமூலம், இரண்டு சாட்சி, விசாரணை. இறந்தவர் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். சான்றிதழில் இருக்கிற பெயரைத்தான் எழுத முடியும். சான்றிதழில் இருப்பது பவித்ரா. மேஜைமேல் இருந்த மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பாஸ்போர்ட், விசா எல்லாம் அந்தப் பெயரில், அந்தத் தேதியில். அதை மாற்றினால் அமெரிக்காவில் என்னென்ன கேட்பார்கள் என்று வக்கீல் ஏற்கெனவே பயமுறுத்தியிருந்தார். அதைக்கூடச் சமாளிக்கலாம் என்ற துணிச்சலோடுதான் போயிருந்தேன். பிள்ளையின் கடைசி வருடம் அது, அவளுக்கு நான் கெடுத்தது. எப்படியாவது மீட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஒரே வெறிதான் எனக்கு.

சாயங்காலம் ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் நின்று செல்விக்குப் போன் போட்டேன். அங்கே காலை நேரம். இறப்பு பதிய வேண்டியிருக்கிறது, உன் கையெழுத்தும் வேண்டும் என்றேன்.

"இம்புட்டு வருசமா அவ பேப்பர்லயாச்சும் உசுரோட இருந்தா," என்றாள். "இப்ப நீங்களே போயி செத்துட்டான்னு எழுதிக் குடுத்துட்டு வரப் போறீகளா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இருக்கிற பிள்ளையைப் பார்ப்பாயா, போனதைப் பார்ப்பாயா என்று கத்திவிட்டேன். டீக்கடையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியபிறகுதான் தெரிந்தது, செல்வி போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள், ஓட்டப் பயிற்சி முடிந்து வந்த பவித்ரா பக்கத்திலேயே இருக்கிறாள் என்று.

"யாருப்பா செத்தது?"

பதினாறு வருடம் மூடி வைத்ததை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஸ் சத்தத்துக்கு நடுவே சொன்னேன். அழுகையும் ஆத்திரமுமாக முன்னுக்குப் பின் முரணாகத்தான் சொன்னேன். முடித்ததும் மூத்தவளுக்கு என்ன பெயர் என்று பவித்ரா கேட்டாள். பெயர் வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டோம் என்றேன். போட்டோ இருக்கிறதா என்று கேட்டாள். அதுவும் இல்லை. பிறகு தன் அம்மா அழுகிறாள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள். மனு கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். இன்னும் இல்லை, சாட்சிக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

"வேணாம்ப்பா. குடுக்காதீங்க. நான் கோச்கிட்ட சொல்லிட்டேன்."

என்ன சொன்னாய் என்று கேட்டேன். பேப்பரில் இருக்கிறது சரிதான் என்று சொல்லிவிட்டாளாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் கோபப்படுவது? விதி எழுதினவர்கள் மேலா? வயது மூத்தவர்கள் சின்னப் பிள்ளைகளோடு போட்டி போடக் கூடாது என்பதில் என்ன தப்பு? கிளார்க் மேலா, மச்சான் மேலா? சுற்றிச் சுற்றி எல்லாம் என்னிடமே வந்து நின்றது. ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்கப் போனவன் நான். பிடித்த வருடத்தை அவள் திருப்பிக் கட்டிவிட்டாள். அமெரிக்காவுக்குத் திரும்புகிற விமானத்தில் மச்சான் கட்டிக்கொடுத்த முறுக்கைக்கூட நான் பிரிக்கவில்லை.

இந்த வருட முதல் போட்டி ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதியே வந்தது. பவித்ரா சீருடை போடக் கூடாது, பெயரில்லாமல் சும்மா ஓடவும் கூடாது. ஆனால் வராமல் இருக்க மாட்டேன் என்றாள். பாதை மரத்தடியில் இடப்பக்கம் திரும்பும் இடத்தில் கொடி பிடித்து நின்று வழி காட்டுகிற வேலையை மிசஸ் கார்ட்டர் கொடுத்திருந்தார். அன்று காலையில் செல்வி எழுந்து கேசரி கிண்டினாள். இத்தனை வருடத்தில் அந்தத் தேதியில் அவள் இனிப்பு செய்து நான் பார்த்ததில்லை. மைதானத்துக்கு டப்பாவோடு வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கரண்டியால் எடுத்து வைத்தாள். பவித்ராவுக்குப் பிறந்தநாள் என்று தெரிந்து அணியே அவளைச் சுற்றி நின்று பாட்டுப் பாடியது. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள், ஒவ்வொருத்திக்கும் நன்றி சொன்னாள். மிசஸ் கார்ட்டர் அவளைக் கட்டிப்பிடித்து, பத்தொன்பது வயது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கிறது என்றாள்.

ஓட்டம் தொடங்கியதும் நான் அவளோடு மரத்தடிக்குப் போய் நின்றேன். முதல் கூட்டம் மூச்சிரைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடியது. அவளுக்குப் பதிலாக ஓடிய பெண் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ போனாள். பவித்ரா அவள் பெயரைச் சொல்லி உரக்கக் கத்தினாள். கூட்டம் மேட்டைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அக்காவுக்கு இன்னைக்குப் பத்தொன்பதுப்பா."

தூரத்தில் கடைசியாக ஒரு பெண் தள்ளாடி வந்துகொண்டிருந்தாள். பவித்ரா கொடியைத் தூக்கிப் பிடித்து இடப்பக்கம் காட்டினாள்.