மூச்சுக்கு ஊட்டி, மனசுக்குக் கோவை

பிளஸ் ஒன் படிக்கும் என் தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. சென்ற ஆண்டு காரணமில்லாத பயமும் படபடப்பும் சேர்ந்துகொண்டன. மூச்சுக்கு வழக்கம்போல் ஊட்டி டாக்டர். பயத்துக்கோ, எங்கள் ஊரான நடுவட்டத்தில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று அம்மா அவளைக் கோவைக்கு அழைத்துப் போனார். எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.

"வேற வியாதி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கோவை டாக்டர் கேட்டிருக்கிறார். இன்ஹேலரைக் கைப்பையில் வைத்துக்கொண்டே, "ஒண்ணுமில்லைங்க டாக்டர்" என்றிருக்கிறார் அம்மா. படபடப்பு குறைய டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதைப் போட்ட அன்றே தங்கைக்கு மூச்சு இழுத்தது. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. ஊட்டிக்கு ஓடினோம்.

"புதுசா மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்றார் டாக்டர்.

பக்கத்துக் கட்டிலருகே எங்கள் தெருக்காரர் நின்றிருந்தார். அம்மா, "இல்லைங்க" என்றார்! நான் வாய் திறப்பதற்குள், திணறிக்கொண்டிருந்த தங்கையே அம்மாவின் பையை இழுத்து மாத்திரை அட்டையை டாக்டர் கையில் திணித்தாள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாதாம். உடனே சிகிச்சை கொடுத்ததால் பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "ஏம்மா மறைச்சீங்க?"

"ஒரு புள்ளைக்கு ரெண்டு வியாதின்னா, நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?"

"நான் இருந்தாத்தானம்மா வருவாங்க!" என்றாள் தங்கை.

இப்போது தங்கை எந்த டாக்டரிடம் போனாலும் நானும் கூடப் போகிறேன். உட்கார்ந்ததும் மூன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆஸ்துமா, பதற்றம், இரண்டுக்கும் போடும் மருந்துகள். அம்மா இன்னமும் முழங்கையால் இடிக்கிறார். இடிக்கும்போதெல்லாம் இன்னும் சத்தமாகச் சொல்கிறேன்.