மனைவி சொல்லாத என் பெயர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு நாள் நான் பிரெஞ்சுக்காரன் ஆனேன். பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் ஒரு ஜவுளிக்கடையில் பத்து வருஷம் காலம் தள்ளியதற்குக் கிடைத்த மரியாதை அது. அன்று சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தேன்; அதே ராசிபுரத்து முகந்தான். பிரெஞ்சுப் பாஷையில் எனக்குத் துணியின் விலை சொல்லவும், மழையைப் பற்றி வருத்தப்படவும் தெரியும். குடியரசு என்னிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

எல்லாம் என் மனைவிக்காகத்தான். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் அவள் குமாரபாளையத்தில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். குடிமகனாகிவிட்டால் பெண்டாட்டியை வரவழைப்பது சுலபம் என்றார்கள். ஆனேன். விண்ணப்பம் எழுதும்போதுதான் விஷயம் தெரிந்தது: நான் பிரெஞ்சுக்காரன் ஆன அன்றே அவள் அந்நிய தேசத்துப் பெண் ஆகிவிட்டாள். ராசிபுரத்தானுக்குக் குமாரபாளையத்துக்காரி அந்நியம்! நடுவில் இருப்பது சங்ககிரி மலை ஒன்றுதான். அது தேச எல்லை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

இந்த அந்நியப் பெண் என் மனைவிதான் என்று அவளுடைய இங்கிலீஷ் சர்க்கார் எழுதித் தரவேண்டுமாம். எங்கள் கல்யாணத்தில் பந்தல் இருந்தது, மேளம் இருந்தது, பந்தியில் ஒரு சண்டைகூட இருந்தது. காகிதம் மட்டும் இல்லை. லீவு போட்டு வந்து சேலம் கலெக்டர் கச்சேரியில் மனுக் கொடுத்தேன். அவளைத் தனியாக விசாரிப்பார்கள் என்றார்கள். பாண்டிச்சேரியில் கப்பல் ஏற ஒன்பது நாள்தான் பாக்கி. கையெழுத்து கிடைக்காவிட்டால் நான் மட்டும் திரும்பவேண்டும்; அடுத்த லீவு எப்போது என்பது கடை முதலாளிக்கே தெரியாது.

நான் சும்மா இருக்கவில்லை. நாலு நாள் உட்கார்ந்து அவளைப் பரீட்சைக்குத் தயார் செய்தேன். கல்யாண மாதம், கப்பலின் பெயர், சைகோனில் என் தெரு எல்லாவற்றையும் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்தாள். எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

விசாரித்தவர் பரீட்சைக்குத் தமிழ் படித்த இளவயதுத் துரை. பக்கத்தில் நம் ஊர்க் குமாஸ்தா ஒருவர். நான் வெளியே பெஞ்சில். அரைக்கதவு வழியாக எல்லாம் காதில் விழுந்தது.

“அம்மா, உமது கணவரின் பெயர் யாது?” என்றார் துரை.



“ஊட்டுக்காரர் பேரு என்னன்னு கேக்கறாருங்கம்மா” என்றார் குமாஸ்தா.

“அதெப்படிங்க சாமி, என் வாயால சொல்றது?”

உலகத்திலுள்ள எல்லாப் பெயர்களையும் சொல்லிக்கொடுத்தவன், என் பெயரை மறந்துவிட்டேன். அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். புருஷன் பேரைச் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

“ஒரு குறிப்பாவது கொடுங்கம்மா” என்றார் குமாஸ்தா.

“சாமி பேருங்க. திருச்செங்கோட்டு மலை மேல நிக்குதுங்களே, அந்தச் சாமி. பாதி ஆம்பளை, பாதி பொம்பளை.”

துரையின் பேனா நின்றது. “உமது கணவர் பாதி பெண்ணா?”

“ஐயோ, அவரு முழுசா ஆம்பளைங்க! பேருதானுங்க பாதி.”

என் ஆண்மைக்குக் கலெக்டர் கச்சேரியில் சாட்சி பதிவானது அன்றுதான்.

துரை வேறு வழியில் வந்தார். “சரி. அவர் உமக்கு என்ன உறவு?”

“எங்க மாமனுங்க. எங்கம்மாளுக்குக் கடைசித் தம்பி.”

“அப்படியானால் கணவர் அல்லர்?”

“அவருந்தானுங்க.”

“இரண்டில் யார்?”

“ரெண்டு பேரும் ஒருத்தருதானுங்க சாமி. இதுல என்னங்க சந்தேகம்?”

கண்ணை மூடிக்கொண்டேன். தன் அக்கா மகளை மனைவி என்று சொல்லிக் கப்பலேற்றப் பார்க்கும் ஒரு பிரெஞ்சு அயோக்கியன் துரையின் மனத்தில் உருவாகிக்கொண்டிருப்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

“பெயரை இந்த அம்மையாரே சொல்லவேண்டும். இல்லையேல் கையொப்பம் இல்லை” என்றார்.

அப்போதுதான் குமாஸ்தா தொண்டையைச் செருமினார். “துரை மன்னிக்கோணும். இது பொய்ச் சோடியா இருந்தா, இந்தம்மா உள்ள வந்ததும் மொதல்ல பேரைத்தானுங்க ஒப்பிச்சிருக்கும். இத்தனை கேட்டும் சொல்லலீன்னா, தாலி கட்டுன பொண்டாட்டியேதானுங்க.”

பிறகு துரை சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகு, பேனா கீறுவது. என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான சங்கீதம் கேட்டதில்லை.

காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜட்கா வண்டியில் ஜங்ஷனுக்குப் போனோம்.

“ஏனுங்க மாமா, அந்த ஊருல உங்களை என்னன்னு கூப்புடுவாங்க?”

சொன்னேன். பிரெஞ்சுக்காரன் வாயில் என் பெயர் வாய் கொப்பளிப்பதில் தொடங்கி மூக்கில் முடியும்.

“இது உங்க பேரே இல்லீங்களே.”

“அங்கே இதுதான்.”

“அப்ப இதை நாஞ் சொல்லலாமுங்களா?”

நான் தலையாட்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். மூன்றாம் தடவை கொப்பளித்ததும் ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“அம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்களா? பனங்கல்கண்டு வாங்கிக் குடுங்க.”

“இல்லீங்கண்ணா” என்றாள், முகமெல்லாம் பல்லாக. “எங்க ஊட்டுக்காரரைப் பேரு சொல்லிக் கூப்புடறேனுங்க.”